சென்னைப் பட்டணமும் கோட்டைப் பதிவேடுகளும்: கும்பினி ஆவணங்களில் ஊர்மக்கள் வரலாறு

சென்னை நகரத்தின் தொடக்க நாளாக 1639 ஆகஸ்ட் 22 குறிக்கப்படுகிறது. 2004 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் சென்னை நாளுக்கும் இதுவே அடிப்படை. தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை வழங்கிய நாள் அது என்பர். ஆயின் அந்த உரிமைப் பத்திரத்தில் காணப்படும் நாள் ஜூலை 22 ஆகும். கும்பினியின் சார்பில் வந்த பிரான்சிஸ் டே மதராசபட்டணக் கரையை அடைந்ததோ ஜூலை 27. கொடை பெற வந்தவர் வருவதற்கு ஐந்து நாள் முன்பே கொடை எழுதப்பட்டிருக்க இயலாது என்பதைச் சுட்டிக்காட்டி, மாதப் பெயர் பிழைபட்டிருக்க வேண்டும் என ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட தம் பெருநூலில் வாதிட்டார். ஆகஸ்ட் 22 என்னும் நாள் அவ்வாறு பெறப்பட்டதே. ஒரு மாநகரம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் நாள் ஓர் ஆவணத்தில் உள்ள நாளன்று; அவ்வாவணத்தைத் திருத்திப் படித்ததால் கிடைத்த நாள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அக்கால ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். பதினேழாம் நூற்றாண்டில் அது இன்றைய நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. 1700-க்குப் பின் இடைவெளி பதினொரு நாளாயிற்று. அக்கணக்கின்படி அவர்களுடைய ஆகஸ்ட் 22 இன்றைய செப்டம்பர் 1 ஆகும். அவர்களின் ஆண்டும் சனவரியில் தொடங்காமல் மார்ச் 25-இல் தொடங்கியது. ஆண்ட்ரூ கோகனும் டேயும் குடியேற்றத்தை அமைக்க வந்திறங்கிய நாள், பழைய முறைப்படி 1639 பிப்ரவரி 20. இன்றைய முறையில் ஆண்டு 1640. இதனை அறியாதார் வந்திறங்கிய நிகழ்ச்சியைக் கொடைக்கும் முற்பட்டதாகக் கொள்ள நேரும். கோட்டை ஆவணங்களைப் பயில்வோர் முதலில் கற்க வேண்டுவது ஆங்கில எழுத்தமைதியன்று, நாள் கணக்கே.

1639-ஐத் தொடக்கமாகக் கொள்வதில் வேறொரு மயக்கமும் கலந்துள்ளது. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உண்டு. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் தேவாரப் பாடல் பெற்ற ஊர்கள். மாதரசன்பட்டணம் என்னும் துறைமுகப் பெயர் 1367-ஆம் ஆண்டு விசயநகரக் காலக் கல்வெட்டொன்றில் இடம்பெறுகிறது. ஆகவே 1639-இல் தொடங்கியது ஊரன்று. ஊரைப் பற்றிய கும்பினியின் காகிதமே. காகிதம் தொடங்கிய இடத்தை நகரம் தொடங்கிய இடமாகக் கொள்ளும் வழக்கம் ஆவணங்களின் பெருக்கத்தால் விளைந்தது. கோட்டைப் பதிவேடுகளில் ஊர்மக்கள் எவ்வாறு இடம்பெற்றனர், எந்த நிலையில் இடம்பெறாது போயினர் என்பதை ஆராய்வதற்கு இவ்வுண்மையைப் பற்றுக்கோடாகக் கொள்ளல் தகும்.

ஆவணங்கள் எழுந்த சூழல்

புனித ஜார்ஜ் கோட்டையின் ஆவணங்கள் வரலாறு எழுதும் நோக்கில் தோன்றியவையல்ல. இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களுக்குத் தம் ஊழியர் மீது முழு நம்பிக்கை இருந்ததில்லை. ஊதியம் சிறிது, ஊழியர் தம் சொந்தக் கணக்கில் நடத்திய வணிகமோ பெரிது. ஒரு கடிதம் இலண்டன் சென்று மறுமொழி வந்து சேர ஓராண்டுக்கு மேலாகும். எனவே ஆளுநரும் அவர் அவையினரும் கூடி எடுத்த ஒவ்வொரு முடிவும், அதற்கான காரணமும், மறுத்தவர் கருத்தும் எழுதிவைக்கப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. இவ்வாறு உருவானவையே நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவும் இணைந்த பேரேடுகள். படிகள் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. கோட்டையில் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையான பகுதிகள் சில இலண்டன் படிகளில் எஞ்சியிருத்தல் இதனால்தான். அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களாக உள்ளன.

சென்னையில் எஞ்சிய தொடர் 1670-களிலிருந்து கிடைக்கிறது. பல துறைகளில் சிதறிக்கிடந்த ஏடுகளை ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி, வில்லியம் பெண்டிங்க் பிரபு சென்னை ஆளுநராயிருந்த காலத்தில் (1803-1807) மேற்கொள்ளப்பட்டது. எழும்பூரில் 1909-இல் எழுந்த செந்நிறக் கட்டடம் அவற்றின் நிலையான இருப்பிடமாயிற்று. மதராஸ் ஆவண அலுவலகம் என வழங்கிய அது இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப்படுகிறது. 1672-78-ஆம் ஆண்டுகளின் பேரேடு 1910-இல் அச்சாகி, அடுத்தடுத்த தொகுதிகளுக்கு வழிவகுத்தது. அதற்கு முன்பே டால்பாய்ஸ் வீலர் இவ்வேடுகளிலிருந்து பகுதிகளைத் தெரிந்தெடுத்து 1861-62-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். வீலரின் தெரிவு சுவையானது. ஆளுநர்களின் பூசல்களும் விருந்துகளும் அதில் மிகுதி. லவ்வின் நூல் வரைபடங்களையும் இடப்பெயர்களையும் நுணுகி ஆராய்வது. எனினும் இருவர் கண்ணும் கோட்டைக்குள்ளிருந்து வெளியே நோக்கிய கண்ணே.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள்

இவ்வேடுகளின் மொழி ஆங்கிலம். ஆயினும் ஊர் ஆட்சியைப் பற்றிய பக்கங்களில் தமிழும் தெலுங்கும் மறைந்து நிற்கின்றன. 'கானிகோப்ளி' என எழுதப்பட்டவர் கணக்கப்பிள்ளை. 'டாலியார்' என்போர் தலையாரிகள். 'சௌல்ட்ரி' என்பது சாவடி. சென்னையில் அது வழிப்போக்கர் தங்குமிடமாக மட்டும் இருக்கவில்லை. வழக்கு விசாரிக்கும் மன்றமும் சுங்கம் தண்டும் இடமும் அதுவே. 'காஜான்' எனக் குறிக்கப்பட்டது பனையோலை. 'பெத்த நாயிக்' என்பவர் ஊர்க்காவலின் தலைவர். அவருக்குச் சில வரிப்பங்குகளும் நிலமும் உரிமையாயிருந்தன. களவு போன பொருளை மீட்க இயலாவிடின் இழப்பை ஈடுசெய்யும் கடமையும் அவருடையதாயிருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அப்பதவியின் நினைவாக இன்றும் நிலைத்துள்ளது.

கும்பினியார் இச்சொற்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து ஆண்டமைக்குக் காரணம் உண்டு. இப்பதவிகளுக்கு நிகரானவை அவர்கள் நாட்டில் இல்லை. ஊரை ஆள முன்னைய ஆட்சி ஏற்பாடுகளையே அவர்கள் நம்பியிருந்தனர். ஒலிபெயர்ப்பின் ஒவ்வொரு சொல்லும் கோட்டைக்கு முற்பட்ட நிருவாகம் ஒன்று அங்கே இருந்தமைக்குச் சான்று எனலாம். கும்பினியே தன் ஏட்டில் எழுதிவைத்த சான்று என்பதால் இதன் வலிமை மிகுதி.

ஆட்பெயர்களை அடையாளம் காண்பது இதனினும் கடினம். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1687 டிசம்பர் 30 எனத் தேதியிட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. மேயருக்குத் துணையாக அமர்ந்த ஆல்டர்மன்களுள் இந்நாட்டு வணிகர் மூவர் இருந்தனர். 'மூடா வெரோனா', 'அலிங்கால் பிள்ளை' என்றெல்லாம் ஏடு அவர்களைக் குறிக்கிறது. முன்னவர் முத்து வீரண்ணா என்றும் பின்னவர் ஆலங்காத்தா பிள்ளை என்றும் கொள்ளப்படுகின்றனர். மற்றொருவர் சின்ன வெங்கடாத்ரி. ஆளுநர் தாமஸ் பிட் காலத்து வரைபடத்தில் 'அலிங்காலின் பகோடா' எனக் குறிக்கப்பட்ட கோயில், தங்கசாலைத் தெருவிலுள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலென அடையாளம் காணப்படுகிறது. நிருவாக ஏடும் வரைபடமும் தெருவில் இன்றும் நிற்கும் கோயிலும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் ஓர் ஆங்கில எழுத்துச் சிதைவுக்குள்ளிருந்து ஒரு தமிழ் மனிதர் வெளிப்படுகிறார்.

இடப்பெயர்களில் இது தலைகீழாக நிகழ்கிறது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயரைத் தமிழ் மட்டும் அறிந்தவர் 'காலடி' என்னும் சொல்லோடு பொருத்திப் பார்ப்பது இயல்பு. ஆவணத்தில் அது காலெட் பேட்டை; 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய ஊர். மாறாக, சிந்தாதிரிப்பேட்டை கேட்பதற்கு வடமொழிப் பெயர் போல ஒலிப்பினும், சின்னத் தறிப்பேட்டை என்பதன் திரிபு. ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராயிருந்த 1734-இல், கும்பினியின் முன்னாள் தலைமை வணிகர் சுங்கு ராமாவின் தோட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டு, நூற்போரும் நெய்வோரும் சலவைத் தொழிலாளரும் அங்கே குடியமர்த்தப்பட்டனர். மேலை நாடுகளுக்குக் கப்பலேற வேண்டிய துணி அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். தோட்டத்தைத் தம்முடையதெனக் கொண்டிருந்த வணிகரின் உரிமை அந்நோக்கத்தின் முன் நிற்கவில்லை.

பூசல்களும் விண்ணப்பங்களும்

ஊர்மக்கள் அமைதியாக வாழ்ந்த காலத்தைப் பற்றிக் கோட்டை ஏடுகள் பேசுவதில்லை. வரி கொடுத்து, துணி நெய்து, படகு வலித்து இருந்தவரைப் பற்றி எழுத அவைக்கு என்ன தேவை? அவர்கள் மறுத்தபோதும், கடையடைத்தபோதும், ஊரைவிட்டு நீங்கியபோதும் மட்டுமே எழுதுகோல் அவர்கள் பக்கம் திரும்பியது. ஆதலின் சென்னை மக்களின் வரலாற்றுக்கு மிகுந்த செய்தி தருவன பூசல்கள் பற்றிய பக்கங்களே.

1680-இன் பிற்பகுதியில், ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராயிருந்தபோது, துணியில் சித்திரம் தீட்டும் தொழிலாளரும் பிறரும் ஊரை விட்டுச் சாந்தோமில் திரண்டனர். பட்டணத்துக்கு வரும் பொருள்களைத் தடுத்தனர். அதனைக் கலகம் என்று பதிவேடு கூறுகிறது. கூறுவது ஒரு தரப்பு. எனினும் கூலிக்குத் தொழில்புரிவோர் ஒருங்கே வெளியேறினால் கோட்டையின் வணிகமே நின்றுவிடும் என்னும் அச்சம் அவ்வரிகளில் மறைக்கப்படாமல் தெரிகிறது. பட்டணத்துக்கு மதில் எழுப்பும் செலவை வீட்டு வரியாகத் தண்ட முற்பட்டபோதும், 1686 சனவரியில், சாதித் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஊரை நீங்குதல் அக்காலத் தமிழகத்தில் குடிகள் கையாண்ட பழைய போராட்ட முறை. குடியில்லாத நிலமும் தறியில்லாத பேட்டையும் எந்த அரசுக்கும் பயன்படா என்பது ஆள்வோரும் ஆளப்படுவோரும் அறிந்திருந்த உண்மை.

வலங்கை, இடங்கைப் பூசல்கள் 1652-லேயே ஏடேறிவிட்டன. 1707-இல் அவை உச்சத்தை அடைந்தன. எந்தத் தெருவில் யாருடைய திருமண ஊர்வலம் செல்லலாம் என்பதில் எழுந்த வழக்கு அது. வலங்கையர் சாந்தோமுக்குப் பெயர்ந்து சென்றனர். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையர்க்கும் முத்தியால்பேட்டை இடங்கையர்க்கும் உரியவை என்னும் பிரிவினையை நிலைநிறுத்தத் தாமஸ் பிட் முனைந்தார். இன்றைய ஜார்ஜ் டவுனின் கிழக்கு, மேற்குப் பகுதிகளது குடியிருப்பு அமைப்பை விளங்கிக்கொள்ள இவ்வழக்கின் பக்கங்களைப் படிக்காமல் இயலாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இரு தரப்பாரும் அவைக்கு அளித்த விண்ணப்பங்கள் ஓலையிலோ காகிதத்திலோ அவர்தம் மொழியில் எழுதப்பட்டவை. பேரேட்டில் படியெடுக்கப்பட்டவை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள். இடையில் துபாஷிகள் நின்றனர். துபாஷி பெரும்பாலும் தாமே ஒரு வணிகர். ஒரு சாதியைச் சார்ந்தவர். சில வேளை வழக்கில் நேரடி ஆதாயம் உடையவர். 'பணிந்து வேண்டுகிறோம்' எனப் பொருள்படும் தொடர் ஆங்கிலத்தில் இருப்பின், அப்பணிவு விண்ணப்பதாரருடையதா, துபாஷியுடையதா, படியெடுத்த ஆங்கில எழுத்தருடையதா எனப் பிரித்தறிதல் எளிதன்று. இப்பக்கங்களை மக்களின் குரல் என்று அப்படியே ஏற்பதும், கும்பினியின் புனைவு என்று ஒதுக்குவதும் ஆய்வுக்கு ஒவ்வா. தெருப்பெயர், தொகை, நாள், வெளியேறிச் சென்ற இடம் முதலியவற்றில் துபாஷி மாற்றம் செய்யத் தேவை குறைவு. நோக்கம், குற்றச்சாட்டு, பணிவு முதலியவற்றில் மாற்றம் செய்ய இடம் மிகுதி. இந்த வேறுபாட்டைக் கருதிப் படிப்பதே தக்கது.

பெயரின்றிப் பதிவானோர்

கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திருநிலைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு முதல் அதன் பதிவேடுகள் கிடைக்கின்றன. பின்னாளில் ஆளுநரான எலிகு யேலின் திருமணமும், 1753-இல் நிகழ்ந்த ராபர்ட் கிளைவின் திருமணமும் அவற்றில் பதிவானவை. சிறு பதவியிலிருந்த ஓர் ஆங்கில எழுத்தர் காய்ச்சலில் இறந்தாலும் அவர் பெயரும் நாளும் அப்பதிவேட்டால் நிலைத்தன. கோட்டைச் சுவருக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் வாழ்ந்தோர்க்கு இத்தகைய ஏடு இல்லை.

இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது அடிமை வணிகம் பற்றிய குறிப்புகளில்தான். பஞ்சம் வாட்டிய 1680-களின் பிற்பகுதியில் இக்கரையிலிருந்து மனிதர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவையினர் முதலில் செய்தது தலைக்கு ஒரு பகோடா சுங்கம் விதித்ததே. அடுத்த ஆண்டில் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டது. சுங்கம் விதித்த ஆணையும் தடைசெய்த ஆணையும் தெளிவாக உள்ளன. கப்பலேறியவர் பெயர்கள் அவ்வாணைகளில் இல்லை. பெற்றோர் விற்றனரா, கடத்தப்பட்டனரா, எவ்வூரினர் என்பவற்றை அறிய அவ்வாணை ஏடு உதவாது. சுங்கக் கணக்குக்கு எண்ணிக்கை போதுமாயிருந்தது.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகும் கட்டுமரமும் செலுத்திய மீனவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1881-இல் செயற்கைத் துறைமுகத்தின் முதற்கட்டம் நிறைவுறும் வரையில் இந்நகரின் வணிகம் முழுதும் அவர்கள் தோளில் ஏறியே கரை சேர்ந்தது. கவிழ்ந்த படகில் போன சரக்கின் மதிப்பு எழுதப்படும். படகோட்டியின் பெயர் அரிது. இம்மக்களின் வரலாற்றை எழுதக் கோட்டை ஏடுகள் மட்டும் போதா.

இடைவெளியும் அதனை நிரப்பும் சான்றுகளும்

1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்தது. 1749-இல் உடன்படிக்கைப்படி திரும்ப அளிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு மாறி, 1752-இல்தான் சென்னைக்கு மீண்டது. ஆதலின் இவ்வாண்டுகளின் சென்னைச் செய்திகளைத் தேவனாம்பட்டின ஏடுகளில் தேட வேண்டும். அங்கும் அவை தொலைவிலிருந்து கேள்விப்பட்ட செய்திகளே.

இவ்விடைவெளியில் தமிழ் எழுத்து ஒன்று துணை நிற்கிறது. சென்னையில் பிறந்து புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே அது. சென்னை முற்றுகையின் செய்திகள், கைப்பற்றிய ஊரை என்ன செய்வது என்பதில் லா பூர்தொன்னேவுக்கும் துய்ப்ளேக்கும் எழுந்த பகை, சென்னை வணிகரின் சொத்துகள் பற்றிய பேச்சு ஆகியன அதில் விரிகின்றன. கும்பினி ஏட்டில் துபாஷி பிறர் சொல்லை மாற்றித் தருபவர். இங்கே துபாஷி தாமே எழுதுகிறார். தமிழ் ஆண்டும் மாதமும் அவர் நாள் குறிக்கும் முறையில் முதன்மை பெறுகின்றன. பிரெஞ்சு ஏடு ஏற்கெனவே புதிய நாட்காட்டியைத் தழுவியிருக்க, ஆங்கில ஏடு பதினொரு நாள் பின்தங்கி நிற்கிறது. சென்னை சரணடைந்த நாள் ஆங்கிலேயர்க்குச் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர்க்குச் செப்டம்பர் 21. மூன்று ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது ஒன்றன் சாய்வை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது. அந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பின் பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர் மதராஸ் ஆவண அலுவலகக் காப்பாளராயிருந்த ஹென்றி டாட்வெல் என்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

முற்றுகையின் விளைவாக ஊரே இடம் மாறியது. கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். பகைவர் மறைந்து சுட இடமிருத்தல் கூடாதென எஞ்சிய பகுதியை 1750-களில் ஆங்கிலேயரே இடித்து வெளியாக்கினர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதனோடு போயிற்று. அக்கோயிலுக்குக் கும்பினியின் வெடிமருந்துப் பணியாளர் நாகபட்டன் 1646-இலும், வணிகர் பேரி திம்மண்ணா 1648-இலும் எழுதிக்கொடுத்த கொடைப் பத்திரங்கள் கோயில் தரப்பில் காக்கப்பட்டு வந்தன. கோட்டையின் ஆலோசனைத் தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முற்பட்ட பத்திரங்கள் இவை. கோயில் பின்னர்த் தேவராச முதலித் தெருவில் மீண்டும் எழுந்தது. பட்டணம் கோயில் என்னும் பழம்பெயரும் உடன் சென்றது.

இடித்த நிலத்தில் மீண்டும் வீடெழாதவாறு எல்லை வகுத்து நடப்பட்ட கற்றூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் உள்ளது. 1773 சனவரி 1 எனப் பொறிக்கப்பட்ட அத்தூண், கோட்டை வெளி அங்கே முடிகிறது என்று மட்டும் கூறுகிறது. அதற்குத் தெற்கே இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலத்தில் எத்தனை தெருக்கள் இருந்தன, அவற்றில் யார் குடியிருந்தனர் என்பவற்றுக்குத் தாமஸ் பிட் காலத்து வரைபடத்தையும், வீட்டு வரி பற்றிய பக்கங்களையும், அக்கோயில் பத்திரங்களையும் ஒருங்கே வைத்துத்தான் விடை தேட வேண்டியுள்ளது.